மறுவெளியீடும் மக்கள் நினைவும் – ‘கர்ணன்’ முதல் ‘கில்லி’ வரை

முன்னுரை

கேட்ட கதையை மீண்டும் கேட்பதிலும் பார்த்த கூத்தை மீண்டும் பார்ப்பதிலும் தமிழ் மக்கள் சலிப்புற்றதில்லை. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்லப்படும். இரவில் கூத்து நிகழும். ‘கர்ண மோட்சம்’ ஆடப்படும் இரவில், கர்ணன் மாளப்போகிறான் என்பதை அறியாதவர் அக்களத்தில் ஒருவரும் இரார். அறிந்திருந்தும் விடியும்வரை விழித்திருந்து, கண்ணீர் விட்டு வீடு திரும்புவர். அடுத்த ஆண்டும் வருவர்.

திரைப்பட வணிகத்தின் நம்பிக்கை இதற்கு மாறானது. புதுமையே அதன் முதற் சரக்கு. வெளியான முதல் வாரத்திலேயே முதலீட்டை எடுத்துவிட வேண்டும் என்பதே இன்றைய கணக்கு. அத்தகைய வணிகத்தில், காட்சிதோறும் மக்கள் அறிந்த ஒரு பழைய வெற்றிப்படத்தை மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்தால் வருவாய் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எதனால் கிடைக்கும்? பி. ஆர். பந்துலு உருவாக்கிய ‘கர்ணன்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆகிய இரு படங்களின் மறுவெளியீட்டு வரலாற்றை முதன்மையாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய படங்கள் ஓடிய வழி

மறுவெளியீடு அண்மைக் காலப் புதுமை என்று கருதுவோர் உளர். அது பிழையான கருத்து. தமிழ்த் திரை வணிகத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளில் பழைய படமே விநியோகத்தரின் நிலையான சொத்தாக விளங்கியது.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்நாளில் அரங்குகள் சில. ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட படிகளும் சில. ஆகவே ஒரு படம் ஓர் ஊரில் நெடுநாள் தங்கியது; பிற ஊர்களுக்கு மெல்லச் சென்றது. பெருநகரில் ஓடி முடித்த படி சிறு நகரத்துக்கும், அங்கிருந்து சிற்றூரின் டூரிங் கொட்டகைக்கும் போய்ச் சேர மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆயின. கொட்டகை மணலில் அமர்ந்து பார்த்தவருக்கு அது பழைய படம் அன்று. ஊருக்கு அன்றுதான் வந்த படம்.

விநியோக முறையும் இதற்கு ஏற்ப அமைந்திருந்தது. சென்னை நகரம், வடஆர்க்காடு–தென்ஆர்க்காடு–செங்கற்பட்டு, திருச்சி–தஞ்சை, மதுரை–இராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி, சேலம், கோவை எனத் தமிழகம் ஏரியாக்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் ஏரியாவுக்கும் குறித்த ஆண்டுகளுக்கு உரிமை விற்கப்பட்டது. தவணை முடிந்ததும் உரிமை தயாரிப்பாளருக்குத் திரும்பும்; மற்றொருவர் அதை வாங்கிப் புதிய படி எடுத்து மீண்டும் ஓட்டுவார். எம்.ஜி.ஆர்., சிவாஜி ஆகியோரின் வெற்றிப்படம் ஒன்றைக் கையில் வைத்திருந்தவருக்கு அது ஆண்டுதோறும் விளையும் நஞ்சை நிலம் போன்றது. புதுப்படம் வாராத வாரத்திலும், பள்ளி விடுமுறையிலும், திருவிழா நாளிலும் அந்நிலம் விளைந்தது. மதுரை சென்ட்ரல் போன்ற அரங்குகள் பழைய படங்களுக்கென்றே ஒரு கூட்டத்தைப் பெற்றிருந்தன.

பிற நாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். 1937இல் வந்த ‘ஸ்நோ ஒயிட்’ என்னும் ஓவியப்படத்தை வால்ட் டிஸ்னி நிறுவனம் 1944இல் மீண்டும் வெளியிட்டது. ஏறக்குறைய ஏழாண்டுக்கு ஒருமுறை ஒரு புதிய குழந்தைத் தலைமுறை உருவாகிறது என்னும் கணிப்பில் அந்நிறுவனம் தன் பழைய படங்களைத் திரும்பத் திரும்பத் திரையிட்டது. 1939இல் வந்த ‘கான் வித் தி விண்ட்’ பல பத்தாண்டுகளில் பலமுறை அரங்குகளுக்குத் திரும்பியது.

இம்முறை தமிழகத்தில் தளர்ந்தமைக்குக் காரணங்கள் தெளிவானவை. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. எண்பதுகளில் வீடியோ கேசட் பரவியது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. வீட்டில் இலவசமாகக் கிடைப்பதற்கு எவர் கட்டணம் செலுத்துவர் என்ற எண்ணம் வலுப்பெற்றது. டூரிங் கொட்டகைகள் மறைந்தன. படச்சுருள்கள் தேய்ந்து, திரையில் மழை பெய்வது போலக் கோடுகள் விழுந்தன. பழைய படம் என்பது காலைக் காட்சிக்கு மட்டும் உரியதாயிற்று.

1964: ‘கர்ணன்’ பெற்ற முதல் வரவேற்பு

1964ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், பொங்கலன்று, பத்மினி பிக்சர்ஸின் ‘கர்ணன்’ வெளியாயிற்று. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) ஆகியவற்றுக்குப் பின் பந்துலுவும் சிவாஜி கணேசனும் இணைந்த பெரும் படைப்பு அது. ஈஸ்ட்மென் வண்ணம், செய்ப்பூரிலும் குருட்சேத்திரத்திலும் படப்பிடிப்பு, கண்ணனாக என். டி. ராமராவ், துரியோதனனாக அசோகன், அருச்சுனனாக முத்துராமன், பானுமதியாகச் சாவித்திரி, கர்ணனின் மனைவியாகத் தேவிகா. உரையாடல் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி, பாடல்கள் கண்ணதாசன், இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. செலவு 40 இலட்ச ரூபாய் என்று கூறப்படுவதுண்டு. அக்காலத்துக்கு அது மலைக்கத்தக்க தொகை.

அதே நாளில் எம்.ஜி.ஆர். நடித்த ‘வேட்டைக்காரன்’ வெளியாயிற்று. சின்னப்பா தேவர் தயாரித்த அப்படம் அளவான செலவில் எடுக்கப்பட்டது. ‘கர்ணன்’ சில நகரங்களில் நன்கு ஓடியும் செலவுக்கேற்ற வருவாயை ஈட்டவில்லை என்பதே திரையுலகத்தார் பொதுவாகக் கூறுவது. ஒரு படம் நூறு நாள் ஓடுவதும் அது இலாபம் தருவதும் வெவ்வேறு செய்திகள். மண்டபங்களுக்கும் தேர்களுக்கும் போர்க்களத்துக்கும் செலவிட்ட பணம் நுழைவுச்சீட்டுகளாகத் திரும்பி வரவில்லை.

இதன் விளைவு தமிழ்த் திரைவரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ‘முரடன் முத்து’வோடு பந்துலு–சிவாஜி கூட்டு முடிவுக்கு வந்தது. பந்துலு எம்.ஜி.ஆரிடம் சென்றார். 1965 சூலையில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. எம்.ஜி.ஆரும் செயலலிதாவும் இணைந்து நடித்த முதற்படம் அது. ஒரே இயக்குநர் அடுத்தடுத்த ஆண்டுகளில் எடுத்த இரு படங்களுள் ஒன்று கடனையும் மற்றொன்று செல்வத்தையும் தந்தது. அன்றைய கணக்குப் புத்தகத்தை மட்டும் நோக்கும் வணிகர், பின்னாளில் மீண்டும் வெளியிடத்தக்கது எது என்று கேட்டால் இரண்டாவதையே சுட்டியிருப்பார். ஆயினும் முதலில் திரும்பி வந்தது ‘கர்ணன்’.

இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகள்

1964க்கும் 2012க்கும் இடையே அப்படத்துக்கு நிகழ்ந்தது யாது? அரங்குகளில் அது அவ்வப்போது தோன்றி மறைந்தது. ஆனால் செவிவழியாக அது இடைவிடாமல் வாழ்ந்தது.

அரங்க வாயிலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்கத் தொடங்கிய பாட்டுப் புத்தக மரபு அறுபதுகளிலும் தொடர்ந்தது. படம் பார்க்காதவரும் பாடலை மனப்பாடம் செய்தனர். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் சென்னை விவித பாரதியும் நாள்தோறும் பாடல்களை ஒலித்தன. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரங்கள் முழுக் கதையையும் செவிக்கு உணவாக்கின. ‘கட்டபொம்மன்’ உரையாடல் இசைத்தட்டுகள் திருமண வீட்டு ஒலிபெருக்கிகளில் முழங்கின. பள்ளி ஆண்டு விழாக்களில் சிறுவர் அவற்றை ஒப்பித்தனர். இலக்கிய மன்றங்களிலும் பட்டிமன்றங்களிலும் ‘நட்பில் விஞ்சியவன் கர்ணனா?’ என்பது போன்ற தலைப்புகள் பேசப்படுந்தோறும் கேட்போர் கண்முன் தோன்றியது வில்லிபுத்தூரார் காட்டிய கர்ணன் மட்டும் அன்று. சிவாஜியின் முகமும் தோன்றியது.

கண்ணதாசன் இப்படத்துக்கு எழுதிய பாடல்கள் தனிச்சிறப்புடையவை. கொடைவீரனைப் புகழும் அவைப் பாடல்கள், மகளிர் பாடும் காதற்பாட்டு, கீதையின் சாரம், சாவுக்களத்தில் சீர்காழி கோவிந்தராசன் குரலில் ஒலிக்கும் கையறுநிலைப் பாட்டு என மரபின் பல துறைகள் எளிய சொல்லில் இறங்கி வந்தன. புலமை இல்லாதவரும் பாடத்தக்க வடிவில் காப்பியச் சுவை கிடைத்தது. 1981இல் கவிஞர் மறைந்த பின்னும் அப்பாடல்கள் மறையவில்லை.

எனவே தொலைக்காட்சி பழைய படத்தின் பகைவன் என்ற கணிப்பு முழு உண்மை அன்று. வானொலியும் தொலைக்காட்சியும் அரங்க வருவாயைக் குறைத்தன; அதே வேளையில் படத்தை அடுத்த தலைமுறையின் நினைவில் விதைத்தன. அவ்விதை முளைக்க ஒரு நல்ல படி தேவைப்பட்டது.

சுவடியும் சுருளும்

நல்ல படி கிடைப்பதுதான் அரிது. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றும்முன் ஏடு தேடி அலைந்த வரலாறு இலக்கிய அன்பர் அனைவரும் அறிந்தது. செல்லரித்த ஏட்டில் ஒரு சொல் போயிற்றென்றால் அடுத்த ஏட்டைத் தேட வேண்டும். திரைப்படத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. மூல நெகடிவ் புழுக்கத்திலும் ஈரத்திலும் கெடுகிறது. ஈஸ்ட்மென் வண்ணப் படங்களின் சாயம் காலப்போக்கில் வெளிறுகிறது. ஒலித்தடம் தேய்கிறது. வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் மூன்று மணி நேரப் படம் ஒன்றில் ஏறத்தாழ 2,60,000 சட்டங்கள் உள்ளன. கீறலையும் கறையையும் அச்சட்டங்களிலிருந்து நீக்குதல் பதிப்பாசிரியர் பணியை ஒத்த பொறுமைப் பணி.

எல்லாப் படங்களுக்கும் அவ்வாய்ப்பும் இல்லை. நடராச முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று கிடைப்பதில்லை. தமிழ் பேசிய முதற்படமான ‘காளிதாஸ்’ (1931) கிடைப்பதில்லை. தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டது 1964இல். ‘கர்ணன்’ வெளியான அதே ஆண்டில். அதற்குமுன் எடுத்த படங்களுள் பலவற்றைக் காப்பார் இல்லை. வசூல் வாய்ப்பைப் பற்றிப் பேசுமுன், வெளியிடுவதற்குப் பொருள் இருக்கிறதா என்பதே முதல் வினா.

2012: ‘கர்ணன்’ மீண்டும் வந்த விதம்

திவ்யா பிலிம்ஸ் சொக்கலிங்கம், பழுதுற்றிருந்த ‘கர்ணன்’ படத்தின் உரிமையைப் பெற்று, சில ஆண்டு உழைப்பில் படத்தையும் ஒலியையும் எண்முறையில் சீரமைத்தார். 2012 மார்ச்சு 16ஆம் நாள் தமிழகத்தில் எழுபது அரங்குகளுக்கு மேல் அது வெளியாயிற்று. புதுப்படத்துக்குச் செய்யும் விளம்பரம் அதற்குச் செய்யப்பட்டது. காலைக் காட்சிக்கு உரியதாக ஒதுக்கப்பட்டிருந்த பழைய படம், சென்னையின் குளிரூட்டப்பட்ட பல்திரை அரங்குகளில் ஓடியது. சத்யம் திரையரங்கில் 100 நாள்களைக் கடந்தது.

அரங்குக்கு வந்தோர் இருவகையினர். இளமையில் படத்தைக் கண்டு, இப்போது பேரப்பிள்ளைகளை அழைத்து வந்த மூத்தோர் ஒருவகை. படத்தைத் தொலைக்காட்சியில் துண்டு துண்டாக மட்டும் பார்த்திருந்த இளையோர் மற்றொரு வகை. மூத்தோர் உரையாடலை நடிகருக்கு முன்னரே சொன்னார்கள். பாடல் தொடங்கும்முன் கைதட்டினார்கள். கூத்துக் களத்தின் இயல்பு குளிரூட்டிய அரங்கில் திரும்பி வந்தது. வீட்டில் தனித்துப் பார்ப்பதில் கிடைக்காத அக்கூட்டு இன்பத்துக்கே மக்கள் கட்டணம் செலுத்தினர் எனலாம்.

வணிக நோக்கில் மற்றொரு காரணமும் உண்டு. 1964இல் ‘கர்ணன்’ சுமந்த செலவு 2012இல் அதன் தோளில் இல்லை. நடிகர் ஊதியம் இல்லை. அரண்மனை கட்ட வேண்டியதில்லை. உரிமைத் தொகை, சீரமைப்பு, விளம்பரம், அரங்குகளுக்கு எண்முறையில் அனுப்பும் கட்டணம் ஆகியவையே செலவு. அன்று கடனை விளைத்த பிரமாண்டம் இன்று செலவின்றிக் கிடைத்த முதலாயிற்று.

2014: ‘ஆயிரத்தில் ஒருவன்’

‘கர்ணன்’ தந்த ஊக்கத்தால் அதே சொக்கலிங்கம் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தையும் சீரமைத்து 2014 மார்ச்சு 14ஆம் நாள் வெளியிட்டார். கண்ணதாசனும் வாலியும் எழுதிய அதன் பாடல்கள் மக்கள் நாவில் நிலைத்திருந்தவை. எம்.ஜி.ஆர். மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. உடன் நடித்த நாயகி அப்போது தமிழக முதலமைச்சர். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய வேளை. இவையெல்லாம் சேர்ந்து அரங்குக்கு ஒரு விழாக்கோலம் தந்தன. சென்னையில் அது வெள்ளிவிழா கண்டது.

இவ்விரு வெற்றிகளையும் கண்டு வேறு பல படங்கள் சீரமைக்கப்பட்டன. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 2015இலும், ‘வசந்த மாளிகை’ 2019இலும் வந்தன. எனினும் ‘கர்ணன்’ எட்டிய அளவைப் பின்வந்த எல்லாப் படங்களும் எட்டவில்லை. வடக்கிலும் இதே அனுபவம். 1960இல் வந்த ‘முகல்–ஏ–ஆசம்’ முழுவண்ணம் ஏற்றப்பட்டு 2004இல் வெளியாகி 25 வாரம் ஓடியது. அதைக் கண்டு வண்ணம் ஏற்றி 2007இல் வெளியிடப்பட்ட ‘நயா தௌர்’ அவ்வரவேற்பைப் பெறவில்லை. ஒருவர் வென்ற வழியை மற்றவர் அப்படியே பின்பற்றுவது திரை வணிகத்தில் எப்போதும் பயன் தருவதில்லை.

அண்மைக் கால மாற்றங்கள்

படச்சுருள் மறைந்து எண்முறைத் திரையிடல் வந்தபின் மறுவெளியீட்டின் தன்மை மாறியது. ஒவ்வோர் அரங்குக்கும் ஒரு படி எடுக்கும் செலவு நீங்கியது. ஒரே நாளில் நூறு அரங்குகளில் ஒரு பழைய படத்தை வைப்பதும், மூன்று நாளில் எடுத்துவிடுவதும் எளிதாயின. 2022 ஆகத்து 9ஆம் நாள், நடிகர் மகேஷ்பாபுவின் பிறந்தநாளில் தெலுங்குப் ‘போக்கிரி’ (2006) சிறப்புக் காட்சிகளாகத் திரையிடப்பட்டபின், பிறந்தநாள் மறுவெளியீடு ஆந்திரத்திலும் தெலங்கானத்திலும் வழக்கமாயிற்று. இது ஒரு நாள் கொண்டாட்டம். முன்பதிவில் நிறையும், மறுநாளே வடியும். ‘கர்ணன்’ நூறு நாள் ஓடியதோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது.

2024 ஏப்ரல் 20ஆம் நாள் வெளியான ‘கில்லி’ இருவகைக்கும் இடைப்பட்டது. 2004இல் தரணி இயக்கத்தில் வந்து பெருவெற்றி பெற்ற படம் அது. மறுவெளியீட்டுக்கு முதல்நாள்தான் தமிழகத்தில் நாடாளுமன்ற வாக்குப்பதிவு முடிந்திருந்தது. தேர்தலை முன்னிட்டுப் பெரிய புதுப்படங்கள் ஒதுங்கியிருந்தன. பள்ளி விடுமுறை வேறு. அவ்வாண்டுப் பிப்ரவரியில் நடிகர் விஜய் அரசியல் கட்சி தொடங்கித் திரையிலிருந்து விலகப்போவதாக அறிவித்திருந்தார். வித்யாசாகரின் பாடல்களோடு வளர்ந்த தலைமுறை வேலைக்குச் சென்று வருவாய் ஈட்டும் பருவத்தில் இருந்தது. அவர்கள் இருக்கையில் அமர்ந்து பார்க்கவில்லை, எழுந்து ஆடினார்கள். மறுவெளியீட்டுத் தமிழ்ப் படங்களுள் அது ஈட்டிய தொகை புதுப்பட வணிகரையும் வியக்க வைத்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பழைய படம் வெல்வதில் புதுப்படத்தின் இல்லாமைக்கும் பங்குண்டு. அக்காலத்து விநியோகத்தர் அறிந்த அதே வெற்றிடமே இன்றும் துணை செய்கிறது. கொள்ளைநோய்க்குப் பின் 2020 நவம்பரில் அரங்குகள் திறந்தபோது புதுப்படம் இன்மையால் பழைய படங்களே ஓடின. ஆனால் அப்போது அரங்கு நிறையவில்லை. எனவே வெற்றிடம் மட்டும் போதாது, நினைவும் வேண்டும்.

கவிஞர் பங்கு

இவ்விடத்தில் கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மறுவெளியீட்டைத் தாங்கும் தூண்களுள் பாடல் முதன்மையானது என்பது மேலே கண்டவற்றால் விளங்கும். ‘கர்ணன்’ மீண்டும் ஓடிக்கொண்டிருந்த அதே 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படத்தில் இடம்பெறும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் அப்பாடலின் பிற பயன்பாடுகளுக்கு உரிய ஊதியப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என அத்திருத்தம் உறுதி செய்தது. கவிஞர்க்கு அது பெரும் பாதுகாப்பு. ஆயினும் அதில் ஒரு விலக்கும் உள்ளது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து பாடல் ஒலிக்கும்போது அப்பங்கு இல்லை.

வானொலியில் ஒலித்தால் பங்கு. கைப்பேசியில் ஒலித்தால் பங்கு. பாடலைக் கேட்கவே மக்கள் திரளும் அரங்கில் பங்கு இல்லை. புதுப்படத்துக்கு இவ்விலக்கில் நியாயம் உண்டு எனலாம். பாடலாசிரியர் எழுதும்போதே ஊதியம் பெறுகிறார், படம் வெல்லுமா என்ற இடர் தயாரிப்பாளருடையது. ஐம்பது ஆண்டு கழித்து, பாடலின் புகழையே முதலாகக் கொண்டு படம் திரும்பும்போது அந்நியாயம் அவ்வளவு வலிமையுடையதாகத் தோன்றவில்லை.

காலவரையறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1964இல் வந்த ஒரு படத்துக்கு அது 2024உடன் முடிந்தது. பாடலின் உரிமையோ கவிஞர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் பாடல்களுக்கு அது 2041வரை நீள்கிறது. பழைய படங்களை எவரும் வெளியிடலாம் என்னும் நிலை உருவாகிவரும் இக்காலத்தில், சொல்லுக்கு உரியவர் யார் என்னும் வினா மேலும் கூர்மை பெறும்.

முடிவுரை

ஒரு படத்தின் மறுவெளியீட்டு வருவாயை அதன் முதல் வசூல் மட்டும் தீர்மானிப்பதில்லை. ‘கர்ணன்’ முதல் வெளியீட்டில் தயாரிப்பாளரைச் சோர்வுறச் செய்தது. 48 ஆண்டுகளுக்குப்பின் நூறு நாள் ஓடியது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ இரு காலத்தும் வென்றது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை மூன்று: இடைக்காலத்தில் மக்கள் நாவில் வாழ்ந்த பாடலும் உரையாடலும், மீட்க முடிந்த மூலச்சுருள், அதனை மீட்கப் பொருளும் பொறுமையும் செலவிட்ட ஒருவர். காலச்சூழலும் புதுப்படங்களின் இன்மையும் இவற்றுக்குத் துணை நின்றன.

இன்று மூன்று நாளில் வந்து போகும் படங்கள், இருபது ஆண்டுக்குப்பின் எவர் நினைவில் இருக்கும் என்பதை எந்த வணிகரும் இன்று கணிக்க இயலாது. ஆகவே ஓடிய படம், ஓடாத படம் என்ற வேறுபாடின்றி மூலப்படிகளைக் காத்தல் தயாரிப்பாளர் கடமை. பாட்டுப் புத்தகங்களையும் உரையாடல் நூல்களையும் இசைத்தட்டுகளையும் தொகுத்துக் காத்தல் இலக்கிய அமைப்புகளால் இயலும் பணி. 1964ஆம் ஆண்டுப் பொங்கல் வசூலைக் குறித்த கணக்கு ஏடு எங்கோ போயிற்று. அப்பொங்கலில் முதன்முதல் ஒலித்த பாடல்களைப் பேரனுக்குப் பாடிக்காட்டும் பாட்டி இன்றும் இருக்கிறார். படத்தை மீண்டும் அரங்குக்கு அழைத்து வந்தவர்களுள் அவரும் ஒருவர்.